உபரித் திருப்தி

லண்டனில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயரைச் சொல்லலாம், ஆனால் சரியான எழுத்துருவில் சொல்லவில்லை என்று அவர்களுடைய விளம்பரப் பிரிவிலிருந்து கடிதம் வரும். ஆகவே பல்கலைக்கழகம் என்றே வைத்துக்கொள்வோம். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நடப்பதையெல்லாம் தெருவில் நின்றே பார்க்கலாம், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்து.

ஒரு காலத்தில் அங்கே படிப்பு நடந்ததாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது திருப்தி நடக்கிறது. படிப்பை அளப்பது பெரிய தொல்லை. பரீட்சை வைக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், திருத்தத் தெரிந்த ஆட்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். திருப்திக்கு அந்த வில்லங்கம் ஒன்றுமில்லை. இருபத்து நான்கு கேள்விகளும் கேள்விக்கு ஐந்து நட்சத்திரங்களும் போதும். 'உங்கள் குரல்' என்கிற அந்தப் படிவம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டு மணிக்கு மாணவர்களின் போனுக்கு வரும். அதை நிரப்பி அனுப்பினால்தான் அந்தக் கிழமைக்குரிய நேரசூசி திறக்கும். குரல் கொடுக்காதவருக்கு வகுப்பு எந்த அறையில் என்று தெரியவராது.

சாருஜா இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது நிலத்தடி நீர் பற்றி ஒரு வருட முதுமாணிப் படிப்புக்காக. வயது இருபத்தாறு. யாழ்ப்பாணத்தில் நீர் வழங்கல் அலுவலகம் ஒன்றில் இரண்டு வருடம் தற்காலிகமாக வேலை பார்த்தவள். பட்டத்தோடு திரும்பினால் அதே அலுவலகத்தின் ஆய்வுகூடத்தில் நிரந்தரப் பதவி. பட்டம் இல்லாமல் திரும்பினால் பழைய தற்காலிகம்கூட இல்லை. அந்தக் கதிரையில் இப்போது வேறொரு பிள்ளை இருக்கிறாள். விசாவோ பாடநெறியோடு சேர்த்துக் கட்டப்பட்டது. பாடநெறி இருக்கும்வரைதான் சாருஜா இந்த நாட்டில் இருக்கலாம். அதனால் குளிரோ மழையோ, இல்ஃபோர்டிலிருந்து எலிசபெத் ரயிலைப் பிடித்து வந்து எல்லா வகுப்பிலும் முதல் வரிசையில் இருந்தாள்.

முதலாவது திங்கட்கிழமை படிவம் வந்தபோது அவள் திடுக்கிட்டுப் போனாள். 'உங்கள் விரிவுரையாளர் விடயத்தைத் தெளிவாக விளக்குகிறாரா?' என்று கேட்டிருந்தது. அவள் வளர்ந்த இடத்தில் வாத்தியார்தான் பிள்ளைக்குப் புள்ளி போடுவார். பிள்ளை வாத்தியாருக்குப் புள்ளி போடுவதென்றால் உலகம் தலைகீழாகப் போய்விட்டது என்று அர்த்தம். 'விளங்கிச்சுதோ?' என்று வாத்தியார் கேட்டால், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் 'ஓம் சேர்' என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கறி எப்படி என்று கேட்டால் நல்லாயிருக்கிறது என்பதுதான் பதில். வேறு பதில் ஒன்று உண்டு என்று யாரும் யோசித்ததுகூட இல்லை. கட்டாயம் புள்ளி போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் முழுப்புள்ளி போடுவதே மரியாதை. இருபத்து நான்கு கேள்விகளுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டு அனுப்பினாள். கழிவறைக்கும் ஐந்துதான்.

அவளுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த கமலேஸ்வரி அன்ரி இதைக் கேட்டுவிட்டு வெண்காயம் வெட்டுவதை நிறுத்தினார். ஜேர்மனியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து பலசரக்குக் கடை போட்டவர் அவர்.

"எல்லாத்துக்கும் அஞ்சோ?"

"பேந்து என்ன அன்ரி செய்யிறது? படிப்பிக்கிற ஆக்களைக் குறை சொன்னா என்ன நினைப்பினம்?"

"ஜேர்மன்காரன் எண்டா, குறை சொல்லாட்டித்தான் உனக்கு மூளையில்லை எண்டு நினைப்பான்" என்றார் கமலேஸ்வரி. "முந்தநாள் வைச்ச கணவாய்க்கறி உப்புக் கரிச்சது. நீ நல்லாயிருக்கெண்டு சொல்லி இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டனி. அப்பவே எனக்குப் பயமாத்தான் இருந்தது."

சாருஜாவின் பாடநெறியில் மொத்தம் பன்னிரண்டு பேர். மற்றப் பதினொரு பேரும் படிவத்தை நிரப்புவதே இல்லை. திங்கட்கிழமை எட்டே கால் மணிக்கு வட்ஸ்அப்பில் 'சாருஜா, எந்த ரூம்?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். ஆகவே அந்தப் பாடநெறியின் குரல் என்பது சாருஜாவின் குரல். பல்கலைக்கழகத்தின் பெரிய திரையில் 'நிலத்தடி நீர்: நூறு வீதம் திருப்தி' என்று பச்சை எழுத்தில் ஓடியது. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள், படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பினாள்.

ஒக்டோபரில் நூலக வாசலில் ஒரு அறிவித்தல் தொங்கியது. 'நீங்கள் சொன்னீர்கள்: நூலகம் மிகச் சிறப்பு. நாங்கள் செய்தோம்: மாலை நான்கு மணிக்குப் பூட்டுகிறோம்.' சாருஜா அதை மூன்று தரம் வாசித்தாள். தன்னுடைய ஆங்கிலத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்து, கீழே போட்டிருந்த அறை இலக்கத்தைத் தேடிப் போனாள்.

அது மாணவர் குரல் பிரிவு. அதன் இயக்குநர் நிசாந்தன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஹரோவில் பிறந்து வளர்ந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்து வருடம் படித்தவர். அவளுடைய பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சி யாழ்ப்பாணமே? என்ர அம்மாவும் அங்கதான். வாரும், இரும். தேத்தண்ணி குடிக்கிறீரே?"

இந்த ஊருக்கு வந்து ஆறு கிழமையில் அவளை யாரும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைக்காரர்கள் 'லவ்' என்றார்கள். ஆனால் அதை அவர்கள் பூனைக்கும் சொல்கிறார்கள். தங்கச்சி என்ற சொல் அவளுக்கு நெஞ்சுக்குள் இறங்கியது. கண்கூடக் கலங்கிவிட்டது என்று சொன்னால் பொய்யில்லை. நூலகத்தை ஏன் அண்ணை நாலு மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நல்ல கேள்வி. எங்கட டார்கெட் எழுபத்தெட்டு வீதம். உம்மட கோர்ஸ் நூறு. அப்ப இருபத்திரண்டு வீதம் உபரித் திருப்தி. அவ்வளவு திருப்தி ஆருக்கும் தேவையில்லை, அது வீண் செலவு. எங்கேயோ சேவை கூடிப்போச்சு எண்டுதான் அதுக்கு அர்த்தம். நாங்கள் அந்த உபரியைக் கழட்டி டார்கெட்டுக்குக் கீழ நிக்கிற பிரிவுக்குக் குடுக்கிறம்."

"எந்தப் பிரிவு அண்ணை கீழ நிக்குது?"

"எங்கட பிரிவுதான். மாணவர் குரலில ஸ்டாஃப் திருப்தி ஐம்பத்தொண்டு வீதம்." அவர் தான் இருந்த புதுச் சோபாவைக் கையால் தட்டினார். "இப்ப அறுபத்துமூண்டுக்கு வந்திட்டுது."

சாருஜா யோசித்தாள். "அப்ப நான் வாற கிழமை மூண்டு மூண்டாப் போடட்டோ அண்ணை?"

நிசாந்தன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கண்ணாடிக் கதவு, சாத்தியும் பயனில்லை, இருந்தாலும் சாத்தினார்.

"அந்த விசர் வேலை மட்டும் செய்யாதையும். ஸ்கோர் விழுந்தா முதல் அடி டொக்டர் ஹெலனுக்குத்தான். அவவுக்கு ஒரு லெட்டர் போகும். படிப்பிச்ச மனிசிக்கு நீர் அதைச் செய்வீரே? எங்கட பிள்ளையள் மரியாதை தெரிஞ்ச பிள்ளையள் எண்டு நான் இங்க எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். நான் சொந்த அண்ணை மாதிரிச் சொல்லுறன், அஞ்சைப் போடும். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

போகும்போது கழுத்தில் ஒரு நாடா மாட்டி விட்டார். அதில் 'மாணவர் பங்காளி' என்று எழுதிய அட்டை தொங்கியது. எதில் பங்கு என்று அவள் கேட்கவில்லை.

டொக்டர் ஹெலன் என்பவர்தான் அந்தப் பாடநெறி. அறுபது வயது, சப்பாத்தில் எப்போதும் சேறு. ஆற்றுத் தண்ணீரைப் பிளாஸ்டிக் கான்களில் அள்ளி பஸ்ஸில் சுமந்துகொண்டு வருவார். வகுப்பில் அதை ஆளுக்கொரு குவளையில் ஊற்றிக் கொடுத்து, கருவியைத் தொடுவதற்கு முன்னால் முதலில் கண்ணால் பார், மூக்கால் மணந்து பார் என்பார். சாருஜா எழுதிய முதலாவது கட்டுரைக்கு நான்கு பக்கத்தில் திருத்தம் எழுதி, அடியில் 'உனக்கு இந்த வேலை வரும்' என்று ஒரு வரி போட்டிருந்தார். அந்தத் தாளை அவள் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்திருந்தாள். அந்த மனிசிக்கு ஒரு கடிதம் போவதற்குத் தான் காரணமாக இருப்பதா? திங்கட்கிழமை வந்தது, ஐந்து போட்டாள்.

நவம்பரில் ஆய்வுகூடம் போனது. 'ஆய்வுகூட நேரம் போதுமானதா?' என்ற கேள்விக்கு அவள் போட்ட ஐந்துகளைக் கூட்டிப் பார்த்ததில், போதுமானதைவிடக் கூடுதலாக இருப்பது தெரியவந்ததாம். அதற்குப் பதிலாக மெய்நிகர் ஆய்வுகூடம் வந்தது. அது ஒன்பது நிமிட வீடியோ. கையுறை போட்ட ஒரு கை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீர் ஊற்றும். கைக்கு உரியவரின் முகம் தெரியாது. செய்முறைப் பரீட்சை என்பது அந்த வீடியோவை இடையில் நிறுத்தாமல் கடைசிவரை பார்ப்பது. சாருஜா நூற்றுக்கு நூறு எடுத்தாள். அந்தக் கிழமைப் படிவத்தில் 'மெய்நிகர் ஆய்வுகூடத்தில் நீங்கள் எவ்வளவு பாதுகாப்பாக உணர்ந்தீர்கள்?' என்று, பழைய கேள்வி ஒன்றுக்குப் பதிலாக ஒரு புதுக் கேள்வி இருந்தது. கமலேஸ்வரி வீட்டுக் கட்டிலில் போர்வைக்குள் இருந்தபடி பார்த்தவள், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையாகவே ஐந்து போட்டாள்.

பழைய ஆய்வுகூடத்தில் மேசைகளைக் கழற்றிவிட்டுப் பெரிய பஞ்சுமூட்டைகளைப் போட்டார்கள். வாசலில் 'திருப்தி மையம்' என்று பலகை வந்தது. மாணவர்கள் அங்கே போய்ப் படுத்துக்கொண்டு படிவம் நிரப்பலாம்.

ஜனவரிப் படிவத்தில் ஒரு பெட்டி இருந்தது. 'பதிவுசெய்யப்பட்ட விரிவுரைகள் உதவினவா? உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்.' டொக்டர் ஹெலன் வேகமாகப் பேசுகிறவர். இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்துப் பேச்சு வேறு; வகுப்பில் பாதி பிடிபடாது. சாருஜா வீட்டில் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்பாள். மனிசியைப் பற்றி நல்லதாக நாலு சொல் எழுதக் கிடைத்ததே என்று ஆசையோடு எழுதினாள்: 'மிகவும் உதவின. ஒவ்வொன்றையும் மூன்று தரம் பார்க்கிறேன்.'

பெப்ரவரியில் டொக்டர் ஹெலனின் பதவி நீக்கப்பட்டது.

சாருஜா ஓடிப் போனபோது அவர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நீக்கத்துக்கான அறிக்கையை எடுத்து அவளிடம் நீட்டினார். அதில் இப்படி இருந்தது: 'மாணவர் ஒருவர் ஒவ்வொரு பதிவையும் மூன்று தரம் பார்க்கிறார். ஆகவே ஒரு வருட விரிவுரை மூன்று வருடத்துக்குப் போதும். விரிவுரையாளர் ஏற்கனவே தேவைக்கு அதிகமாகக் கற்பித்துவிட்டார் என்பது இதனால் உறுதியாகிறது.'

"அது நான்தான், டொக்டர்" என்றாள் சாருஜா.

"தெரியும். அதைப் பார்க்கிற ஆள் நீ ஒருத்திதான்." அவருடைய முகத்தில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "ஆய்வுகூடத்தை மூடியபோது உனக்குக் கோபம் வரவில்லையா?"

"வந்தது. குறைத்துப் போட்டால் உங்களுக்குக் கடிதம் வரும் என்று சொன்னார்கள்."

"கடிதம் வந்ததே. நூறு வீதத்துக்குப் பாராட்டி ஒன்று வந்தது. அடுத்ததாக இது வந்தது." அவர் பெட்டியை மூடிப் பசைநாடா ஒட்டினார். "நல்ல பிள்ளை நீ. ஆனால் உன்னிடம் கேட்பவர் எல்லோரும் உன்னுடைய வாத்தியார் இல்லை."

அன்று ரயிலில் சாருஜா அழுதாள். மரியாதை என்று நினைத்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் தன் விரலாலேயே அந்த மனிசியை வாசல்வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். அடுத்த நாள் காலை நிசாந்தனின் அறைக்குள் தட்டாமலே நுழைந்தாள்.

"அண்ணை, அவவுக்கு ஒண்டும் வராதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

"தங்கச்சி, எனக்குக் கவலையில்லை எண்டு நினைக்கிறீரே? இரவு நித்திரையே இல்லை. ஆனா மேலிடத்து முடிவு, என்னால என்ன செய்ய ஏலும்? இப்ப நாங்கள் உம்மடையைப் பாப்பம். இனிமேல் நீர் குறைச்சுப் போட்டா கோர்ஸையே மூடிப்போடுவாங்கள். பிறகு உம்மட விசா? ஒருக்கா யோசிச்சுப் பாரும்."

அவள் யோசித்துப் பார்த்தாள். விரிவுரையாளர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, நூலகம் இப்போது மூன்று மணிக்கே பூட்டுகிறது. ஆனால் பாடநெறி என்ற பெயர் இன்னும் திரையில் ஓடுகிறது, அந்தப் பெயரில்தான் விசா நிற்கிறது. பெப்ரவரியும் மார்ச்சும் ஐந்து ஐந்தாகப் போட்டாள். இப்போது அது மரியாதையில் போட்டதல்ல. பயத்தில் போட்டாள்.

மார்ச் கடைசியில் ஒரு அழைப்பு வந்தது. 'நிலத்தடி நீர் முதுமாணிப் பாடநெறியின் நிறைவு விழா. மாணவர் பங்காளி சாருஜா கேக் வெட்டுவார். பாரம்பரிய உடை விரும்பத்தக்கது.' இருபத்தாறு கிழமை நூறு வீதம் எடுத்ததற்கான கொண்டாட்டம் என்று நிசாந்தன் சொன்னார். அப்பாடா, பாடநெறி தப்பிவிட்டது என்று அவளுக்கு மூச்சு வந்தது. கமலேஸ்வரி தன் கத்தரிப்பூ நிறச் சேலையைக் கொடுத்து, சட்டைக்கு இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தும் கொடுத்தார்.

திருப்தி மையத்தில் பஞ்சுமூட்டைகளை ஓரமாக அடுக்கிவிட்டு மேசை போட்டிருந்தார்கள். நீல ஐசிங்கில் ஒரு கிணறு வரைந்த கேக். உபவேந்தர் வந்தார். உயரமான மனிதர், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார், கேட்கிறவர்களால் கவனம் சிதறாமல் இருக்க.

"நண்பர்களே, ஒரு பாடநெறி எதற்காக இருக்கிறது? மாணவரைத் திருப்திப்படுத்த. இந்தப் பாடநெறி அதை முழுமையாகச் செய்து முடித்துவிட்டது. நூறுக்கு மேல் இலக்கம் இல்லை. போய்ச் சேர்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்களுடைய மற்றப் பாடநெறிகளில் மாணவர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். அங்கே எங்களுக்கு வேலை இருக்கிறது. இங்கே வேலை முடிந்துவிட்டது. எங்கள் வரலாற்றில் முதன்முறையாக, தோல்வியால் அல்ல, வெற்றியால் ஒரு பாடநெறியை மூடுகிறோம். நாளை முதல் அது இல்லை. இந்தப் பெருமை முழுவதும் இந்த இளம்பெண்ணுக்கே."

எல்லோரும் கைதட்டினார்கள். சாருஜா ஏற்கனவே கத்தியைக் கேக்கில் இறக்கியிருந்தாள். படம் எடுக்கிறவர் சிரிக்கச் சொன்னார். வாய் தன்பாட்டில் சிரித்தது. நிசாந்தனைத் தேடினாள். அவர் உபவேந்தருக்குப் பின்னால் நின்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் மற்றப் பதினொரு பேருக்கும் ஒரு வழி பிறந்தது. அவர்களில் லக்‌ஷன் என்று லண்டனிலேயே ஸ்ட்ரெதம் பகுதிப் பையன் ஒருவன். வகுப்புக்கு ஆறு நாள்தான் வந்திருப்பான். ஆனால் கோப்பி இயந்திரம் சில்லறையை விழுங்கிவிட்டது என்று டிசம்பரில் ஒரு முறைப்பாடு எழுதியிருந்தான். அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று நாற்பத்தெட்டுப் பக்கக் கோவை ஒன்று சேர்ந்திருந்தது. மற்றவர்களும் கண்ட கண்ட விடயத்துக்கு ஒவ்வொரு முறைப்பாடு எழுதியவர்கள். திருப்தியற்ற மாணவர்களை வேறு பல்கலைக்கழகத்தில் இதே படிப்புக்கு மாற்றிவிடப் பல்கலைக்கழகம் கடமைப்பட்டது என்று விதி இருந்தது. பதினொரு பேரும் மாற்றப்பட்டார்கள்.

"அக்கா, யூ நெவர் கம்ப்ளெய்ன்ட்?" என்று லக்‌ஷன் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டான். "நொட் ஈவன் வன்ஸ்?"

சாருஜாவிடம் கோவை இல்லை. அவள் மேன்முறையீடு செய்தாள்.

மேன்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவி, வெள்ளைத் தலைமுடியும் இதமான குரலும் உள்ள பெண்மணி. ஒரு பக்கம் திரையில் ஒரு வெளி நிபுணர். அவருடைய ஒலி வேலை செய்யாததால் பெருவிரலை உயர்த்தியும் தாழ்த்தியும் கருத்துச் சொன்னார். மறு பக்கம் மாணவரின் குரலைப் பிரதிநிதித்துவப்படுத்த நிசாந்தன். அவரைக் கண்டதும் சாருஜாவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. என்னதான் நடந்தாலும் எங்கட ஆள், உள்ளே இருந்து ஒரு சொல் சொல்வார் என்று நினைத்தாள்.

மேசையில் தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அவள் நிரப்பிய இருபத்தாறு படிவங்களையும் கட்டுவித்து, அட்டையில் பொன்னெழுத்தில் அவள் பெயர் போட்டிருந்தார்கள்.

"நீங்கள் அறுநூற்று இருபத்து நான்கு தடவை முழுத் திருப்தி தெரிவித்திருக்கிறீர்கள்" என்றார் தலைவி. "என் இருபது வருட அனுபவத்தில் இவ்வளவு சந்தோஷமான மாணவரைக் கண்டதில்லை. என்ன முறைப்பாடு சொல்ல வந்தீர்கள்?"

இரண்டு இரவு கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய ஆங்கிலத்தில் சாருஜா சொன்னாள். "எனக்குத் திருப்தியில்லை. ஒருநாளும் இருக்கவில்லை. அந்தப் பதில்கள் எல்லாம் பொய். எங்களுடைய ஊரில் ஆசிரியரைக் குறை சொல்வதில்லை. பிறகு, குறைத்துப் போட்டால் ஆசிரியருக்கும் எனக்கும் ஆபத்து என்று எனக்குச் சொல்லப்பட்டது. என்னையும் மற்ற மாணவர்களைப் போல மாற்றிவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். எனக்கு இந்தப் படிப்பு வேண்டும்."

தலைவி மிகவும் கவலைப்பட்டார். "இது பாரதூரமான விடயம். நீங்கள் இப்போது மாணவர் குரலை மறுக்கிறீர்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர் குரல்தான் உயர்ந்தது. அதை மறுக்க நாங்கள் யாரையும் அனுமதிப்பதில்லை, மாணவர் உட்பட. அதுவும் அறுநூற்று இருபத்து நான்கு தடவை பேசிய குரலை, இன்று ஒரு தடவை பேசிய நீங்கள் மறுப்பது நியாயமா?"

திரையில் பெருவிரல் உயர்ந்தது.

"குறைத்துப் போட வேண்டாம் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?"

சாருஜா நிசாந்தனைப் பார்த்தாள். பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுக்க அவளுக்கு அப்போதும் மனம் வரவில்லை. அவரே சொல்லட்டும் என்று நினைத்தாள். ஆங்கிலம் எல்லாம் மறந்து, தமிழில்தான் வந்தது.

"அண்ணை, நீங்கள்தானே அஞ்சு போடச் சொன்னீங்கள்? சொந்த அண்ணை மாதிரிச் சொல்லுறன் எண்டீங்கள். சொல்லுங்கோவன் அண்ணை."

நிசாந்தன் தலைவியின் பக்கம் திரும்பினார். பேனையை நேராக வைத்தார். ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்: "மன்னிக்க வேண்டும். மாணவி என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தமிழ் தெரியாது. அதைப் பதிவில் சேர்த்துக்கொண்டால் நல்லது."

பதிவில் சேர்க்கப்பட்டது.

சாருஜாவுக்கு அதன் பிறகு சொன்னவை ஒன்றும் காதில் ஏறவில்லை. நூலகம் போனபோதும், ஆய்வுகூடம் போனபோதும், கேக் வெட்டியபோதும் வராத ஒன்று இப்போது வந்தது. காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி இருந்தது. தேத்தண்ணி ஊற்றித் தந்த கை, தங்கச்சி என்று கூப்பிட்ட வாய், எல்லாம் அந்த மேசைக்கு அப்பால் இருக்கிற யாரோ ஒருவருடையது. அவள் நம்பியது பல்கலைக்கழகத்தை அல்ல. இந்த ஒரு மனிதரைத்தான்.

மேன்முறையீடு தள்ளுபடியானது. திருப்தியுள்ள மாணவர் பாதிக்கப்பட்டவராக மாட்டார், பாதிக்கப்படாதவரை மாற்ற விதியில்லை. பாடநெறி முடிந்ததை உள்துறை அலுவலகத்துக்குப் பல்கலைக்கழகம் அன்றே அறிவிக்கும். நாட்டைவிட்டுப் போக அறுபது நாள் இருக்கிறது. தலைவி எழுந்து வந்து, பொன்னெழுத்துப் புத்தகத்தை நினைவுப்பரிசாக அவளுடைய கையில் கொடுத்தார்.

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அவள் நின்றபோது நிசாந்தன் விரைந்து வந்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, குறை நினைக்காதையும். அங்க நான் டியூட்டியில இருந்தனான். அதுக்குள்ள தமிழைக் கொண்டந்தா இரண்டு பேருக்கும் பிரச்சினை. இப்ப கேளும், நல்ல செய்தி ஒண்டு. செப்டெம்பரில புதுக் கோர்ஸ் ஒண்டு துவங்கிறம். மாணவர் திருப்தி முகாமைத்துவம். உம்மட கேஸைத்தான் முதல் பாடமா வைக்கிறம். நீரே வந்து சேர்ந்தீரெண்டால் எவ்வளவு நல்லம்! ஊருக்குப் போய் அங்கயிருந்து திரும்ப அப்ளை பண்ணும், நான் லெட்டர் தாறன். என்ன, சந்தோஷம்தானே?"

அவர் கேட்ட விதத்துக்கு ஒரே ஒரு பதில்தான் அவளுக்குப் பழக்கம். அந்த 'ஓம்' தொண்டைவரை வந்தும் விட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"இல்லை."

"என்ன?"

"இல்லை அண்ணை. எனக்குச் சந்தோஷமில்லை. நீங்கள் என்னை வித்துப்போட்டீங்கள். டொக்டர் ஹெலனையும் என்ர கையாலயே விக்கப் பண்ணினீங்கள். இனி என்னைத் தங்கச்சியெண்டு கூப்பிடாதேங்கோ. உங்களுக்கு என்னட்ட ஒரு நட்சத்திரமும் இல்லை."

அவள் சத்தமாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. லிஃப்ட்டுக்காக வந்த தலைவி கையில் கோவையோடு நின்றுவிட்டார். "என்ன சொல்கிறார்?" என்று கவலையோடு கேட்டார்.

"எல்லாவற்றுக்கும் மிகவும் நன்றி என்கிறார்" என்று நிசாந்தன் உடனே மொழிபெயர்த்தார்.

தமிழ் தெரியாத மனிதர் இவ்வளவு விரைவாக எப்படி மொழிபெயர்த்தார் என்று தலைவி கேட்கவில்லை. அவருக்கு மனம் நெகிழ்ந்துபோய்விட்டது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று சாருஜா ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்குவதற்குள் அவளுடைய தோளை மெதுவாகத் தட்டி, "பரவாயில்லை பிள்ளை, இது எங்களுடைய கடமை" என்றார். பிறகு கோவையைத் திறந்து, அறுநூற்று இருபத்து நான்கு என்றிருந்ததை வெட்டிவிட்டு அறுநூற்று இருபத்தைந்து என்று எழுதினார். இருவரும் லிஃப்ட்டுக்குள் ஏறினார்கள். நிசாந்தன் உள்ளே நின்று, அவளும் வருகிறாளா என்று மரியாதையாகக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாருஜா படியால் இறங்கினாள். ஏழு மாடி. மூன்றாம் மாடியில் நின்று தீர்ப்புக் கடிதத்தை விரித்துக் கடைசிவரை வாசித்தாள். அறுபது நாளில் இன்றைய நாளும் ஒன்று என்று அடியில் போட்டிருந்தது.